அரக்கு வைத்த இன்ஜின்

ராஜாங்கத்துப் பாக்கிக்குச் சாவு கிடையாது. வாங்கினவன் செத்தால் பிள்ளை தலையில் ஏறி உட்காரும். பிள்ளையும் போனால் பேரன் தலை இருக்கிறது. ஏரி தூர்ந்து போகலாம், கோபுரம் இடியலாம், மந்திரி மாறலாம். கஜானாவுக்குச் சேர வேண்டியது ஒரு நாள் கஜானாவுக்கு வந்தே தீரும். இந்த மகா சத்தியத்தை ஓலைப்பாக்கத்துக்கு எடுத்துச் சொல்லத்தான் எண்பத்தாறாம் வருஷம் பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தாலுக்கா ஆபீசு ஜீப்பு வந்தது. ஊர் எல்லையிலேயே பேட்டரி படுத்துவிட்டதால் பின்னாலிருந்து ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளினவர்களில் நாலு பேர் பாக்கிதாரர்கள்.

முன் சீட்டை விட்டு இறங்காமல் வந்தவர் விருத்தாசலம். வசூலுக்கென்றே தனியாகப் போட்ட துணைத் தாசில்தார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் திண்டிவனம் தாலுக்காவில் நிற்கிற சர்க்கார் கடனையெல்லாம் வழித்துத் துடைத்துக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. கறுப்புக் கண்ணாடி, ஜிப்பு வைத்த பை, பைக்குள் ஒரு கட்டி அரக்கு, பித்தளை முத்திரை. ஜீப்பு நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. ஊர் தன்னைப் பார்த்து முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் ஞானமதி கொல்லையில் சேற்றுக் காலோடு நின்றிருந்தாள். ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர். விதைத்து அறுபத்தைந்து நாள். பூ உதிர்ந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற சமயம். இப்போது மண் இறுகினால் விழுது மேலேயே நின்று கருகிவிடும். செடி மட்டும் பச்சையாக நின்று ஊரை ஏமாற்றும். பிடுங்கிப் பார்த்தால் வெறும் வேர்தான். கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் டப்டப்பென்று ஓடிக்கொண்டிருந்தது. மடை திருப்புவது ஜெயம். இன்ஜினைப் பார்த்துக்கொள்வது ஜெயத்தின் புருஷன் பூமாலை. இரண்டு பேரும் காலனியிலிருந்து பத்து வருஷமாக இந்தக் கொல்லைக்கு வருகிறவர்கள். பதினாலு வயசான அந்த இன்ஜின் பூமாலை கைக்குத்தான் கிளம்பும். மற்றவர்கள் சுற்றினால் கைப்பிடி திருப்பி அடிக்கும்.

வரப்பு மேல் மாசிலாமணி ஓடி வந்தான். கர்ணம் வேலையை எடுத்துவிட்ட பிறகு பரீட்சை எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர், இருபத்தாறு வயசு, ஊருக்கும் பயப்படுவான், ஆபீசுக்கும் பயப்படுவான்.

"அம்மா, ஜீப்பு வந்துட்டுதும்மா. மொதல்ல இன்ஜின நிறுத்தச் சொல்லுங்க. சத்தம் கேட்டா நேரா இங்கதான் வருவாரு."

"நிறுத்திட்டா மல்லாட்டைக்கு யாரு தண்ணி கட்டறது?" என்றாள் ஜெயம். "ஜீப்பு வந்து கட்டுமா?"

"உன்னக் கேக்கலக்கா. அம்மா, இந்த வாட்டி சும்மா போக மாட்டாரு. லிஸ்ட்டுல மொதப் பேரே உங்க வூட்டு நைனாருதுதான். இன்ஜின ஜப்தி பண்ணி ஏலம் போடப் போறாரு."

ஞானமதி மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். இன்னும் இரண்டு தண்ணீர். இரண்டே தண்ணீர் கட்டிவிட்டால் சித்திரைக் கடைசியில் முப்பது மூட்டைக்குக் குறையாது. இன்ஜின் போனால் அடுத்த தை வரைக்கும் வீட்டில் கேப்பைக் களிதான், அதுவும் கேப்பை கிடைத்தால்.

கடன் அவள் மாமனார் காலத்துது. கிணற்றை ஆழப்படுத்தவும் இன்ஜின் வாங்கவும் அரசாங்கத்தில் வாங்கினார். இரண்டு தவணை கட்டினார், இறந்துபோனார். அதற்குப் பிறகு வட்டி, வட்டிக்கு வட்டி, தவணை தவறிய அபராதம் என்று அது ஏழாயிரத்தைத் தாண்டி நின்றது. பிள்ளை ரிஷபநாதன், அவள் புருஷன், ஒரு பைசா கட்டவில்லை. ஆனால் ஒரு நோட்டீசுக்காவது பதில் மனு போடாமல் இருந்ததில்லை. கடன் அப்பாவோடு போயிற்று என்று பாதி மனு. அடுத்த எலெக்‌ஷனில் எப்படியும் தள்ளுபடி வரும், அதுவரை பொறுக்க வேண்டும் என்று மீதி மனு. தள்ளுபடி வரப்போகிற கடனை முந்திக்கொண்டு கட்டுவது அரசாங்கத்தை அவமதிப்பது என்பது அவருடைய எண்ணம்.

அவள் போகும்போது ரிஷபநாதன் வேட்டி மாற்றி, மேல் துண்டு போட்டு, மனு நகல் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். விருத்தாசலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களத்தான் சார் எதிர்பாத்துக்கினு இருந்தேன். இதுவரைக்கும் பதினோரு மனு போட்டிருக்கேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"நாங்க எட்டு நோட்டீசு குடுத்தோம். ஒண்ணுக்கும் பணம் இல்ல."

"கடன் வாங்கினது எங்க அப்பா சார்."

"கிணறு யாருது?"

"எங்களுது."

"அதுல இருக்கிற தண்ணி?"

"எங்களுதுதான்."

"கடன் மட்டும் அப்பாவோடதா?" விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றினார். ஜீப்பு தள்ளின ஆறு பேரும் இன்னும் போகாமல் நின்றிருந்ததால் குரலை உயர்த்தினார். "மிஸ்டர் ரிஷபநாதன், ரெவின்யூ ரெகவரி ஆக்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. ஆயிரத்து எண்ணூத்து அறுபத்து நாலுல வெள்ளக்காரன் போட்டது. அவனே போயிட்டான், சட்டம் போகல. சூரியன் உதிச்சதுக்கு அப்புறம், அஸ்தமனத்துக்கு முன்னாடி. அந்த நேரத்துக்குள்ள நான் ஒரு பொருள் மேல கைய வெச்சா, அது என் கை இல்ல. கவர்மெண்டு கை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் தொட மாட்டேன். முன்னாடின்னா கலெக்டரே சொன்னாலும் விட மாட்டேன். சட்டம்னா சட்டம்."

உள்ளே கை கால் கழுவிக்கொண்டிருந்த ஞானமதி அதைக் கேட்டாள். அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்று அந்த வீட்டில் யாரும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. சமண வீடு, ஊர் வழக்கில் நைனார் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். விளக்கு வைத்த பிறகு அடுப்பு மூட்டுவதில்லை, வாயில் ஒரு பருக்கை போடுவதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அவள் சூரியனோடு போட்டி போட்டுத்தான் சமைத்திருக்கிறாள். இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அவள் வாசலுக்கு வந்தாள். "சார், எழுதறத அப்புறம் எழுதிக்கலாம். மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. எங்க வூட்ல பொழுது சாஞ்சா அடுப்பு இல்ல. வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பினா எங்களுக்குத்தான் பாவம்."

விருத்தாசலம் காலையில் கிளியனூரில் தின்ற இரண்டு இட்லியோடு இருந்தவர். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்தக் கை ஆடி முடிவதற்குள் இலை போட்டாகிவிட்டது.

பருப்புக் கடைசல், அவரைக்காய்ப் பொரியல், சுரைக்காய்க் குழம்பு, மல்லாட்டைத் துவையல். விருத்தாசலம் துவையலை நாலு தரம் வழித்தார்.

"வெங்காயம் போடலியா?"

"வேர்ல விளையறது எதுவும் நாங்க சேக்கறதில்லிங்க சார்."

"அப்ப மல்லாட்டை? அதுவும் மண்ணுக்குள்ளதானே?" தாசில்தார் மடக்கிவிட்ட சந்தோஷத்தில் சிரித்தார்.

ஞானமதி இதற்காகத்தான் காத்திருந்தவள் போலக் கரண்டியோடு உட்கார்ந்தாள். "அது வேர் இல்லிங்க. மேலதான் பூக்கும். மஞ்சப் பூ. அது உதிர்ந்தப்புறம் காம்பு நீண்டு, ஊசி மாதிரி கீழ எறங்கி, மண்ணக் குத்திக்கினு உள்ள போவும். அங்க போய்த்தான் காயி. வேரு வேற, காயி வேற. அதுக்கு மண்ணு பதமா இருக்கணும். இன்னும் ரெண்டு சாதம் போட்டுக்குங்க சார். மண்ணு காஞ்சிருந்தா காம்பு வளைஞ்சு..."

அவள் செடியின் அறுபத்தைந்து நாளையும் நாள் வாரியாகச் சொன்னாள். களை எடுத்தது, ஜிப்சம் போட்டது, சிவப்புக் கம்பளிப்பூச்சி வந்தது, மண் அணைத்தது. இடையிடையே குழம்பு, இடையிடையே மோர். வேலூர் டவுனில் பிறந்து வளர்ந்த விருத்தாசலத்துக்கு ஒரு பூ மண்ணுக்குள் போய்க் காய்க்கும் என்பது புதுச் செய்தி. வாயைத் திறந்தபடி கேட்டார். திறந்த வாயில் சாப்பாடும் போயிற்று.

வாசலில் மாசிலாமணி இருமினான். "சார்... பொழுது..."

விருத்தாசலம் கையை நக்கிக்கொண்டே மணி பார்த்தார். ஆறு முப்பத்தைந்து. மேற்கே பனந்தோப்புக்கு மேல் சிவப்பு மட்டும்தான் மிச்சம். ஆறு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சட்டம்னா சட்டந்தான்," என்றார். ஏப்பம் வந்தது. "திங்கக்கெழம காலைல வர்றேன்."

ஜீப்பை மறுபடியும் தள்ளிவிட்டார்கள்.

"பாத்தியா ஞானம்?" என்றார் ரிஷபநாதன். "என் மனுவுங்கள ஒரு பொரட்டு பொரட்டினாரு. ஆளு ஆடிப்போயிட்டாரு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இன்ஜின் நிற்கவில்லை. வெளுப்பதற்கு முன் பூமாலை கைப்பிடியைப் போடுவான்; தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் ஊறுவதற்கு ஒரு மணி நேரம் விட்டு மறுபடி போடுவான். ஞானமதிக்கு உட்கார முடியவில்லை. மடையைத் திருப்புவாள், ரோட்டைப் பார்ப்பாள். ரோட்டில் எந்த வண்டி சத்தம் கேட்டாலும் மண்வெட்டி நின்றுவிடும். திண்டிவனம் டவுன் பஸ், கரும்பு லாரி, மயிலத்துக்குப் போகிற வேன் எல்லாமே காதுக்கு ஜீப்பாக இருந்தன.

"இன்னாம்மா நீங்க, இப்டித் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு இருந்தா கழுத்து சுளுக்கிக்கும்," என்றாள் ஜெயம். "வந்தா ஒங்கள வந்து கூப்புட மாட்டாரா? தொவையலுக்காச்சும் வருவாரு."

ஞாயிறு சாயங்காலம் டீசல் பீப்பாய் காலியானபோது முக்கால் ஏக்கர் நனைந்திருந்தது. மீதி முக்கால் ஏக்கர் நனையவில்லை.

திங்கட்கிழமை விருத்தாசலம் சாப்பிட்டுவிட்டு வந்தார். நேரே கிணற்று மேட்டுக்குப் போய், இன்ஜினின் எண்ணெய் மூடியையும் கைப்பிடி போடுகிற துவாரத்தையும் துணி சுற்றிக் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை குத்தினார். முப்பத்தொன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு இதே இடத்தில் ஏலம். அதுவரை இன்ஜின் மாசிலாமணியின் பொறுப்பு. முத்திரை உடைந்தால் ஜெயில், உடைத்தவனுக்கு ஒரு ஜெயில், பாதுகாக்காதவனுக்கு ஒரு ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் பங்குனி வெயில் சித்திரைக்குக் காத்திருக்கவில்லை. இரண்டாம் நாள் உச்சியில், பொட்டல் கிணற்று மேட்டில், இரும்பு சுட்ட சூட்டில் அரக்கு இளகி வழிய ஆரம்பித்தது. சிங்க முத்திரையில் ஒரு சிங்கத்தின் முகம் தொங்கிவிட்டது. மாசிலாமணி பனை ஓலை வெட்டி இன்ஜினுக்குப் பந்தல் போட்டான். அதுவும் போதாமல் கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் சேந்தி, ஈரத் துணி நனைத்து, முத்திரை மேல் போட்டான். துணி காய்ந்தால் மறுபடி வாளி. பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் இதுதான் அவனுக்கு உத்தியோகம்.

பத்தடி தள்ளி மல்லாட்டைச் செடி இலையைக் கூப்பிக்கொண்டு நின்றது.

"தம்பி," என்றாள் ஜெயம், "செடிக்குத் தண்ணி இல்ல, அரக்குக்கு மூணு வேள தண்ணியா? அதுவும் காய்க்கப் போவுதா?"

"நீ வேற ஏங்க்கா. எனக்கு வேல போயிடும்."

"நல்லா ஊத்து. நாலு விழுது எறங்கினா ஒனக்கே ஆவட்டும்."

ஞானமதி சிரிக்கவில்லை. அவனிடமிருந்து வாளியை வாங்கி, மிச்சத் தண்ணீரைப் பக்கத்துச் செடி நாலுக்கு ஊற்றினாள். நாலு செடிதான் நனைந்தது. வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குள் போனாள்.

அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. பாக்கிதாரன் ஏலம் கேட்கக்கூடாது. வேறு யாராவது கேட்டு எடுத்துக் கொடுத்தால் போதும். கழுத்துச் சங்கிலியைத் திண்டிவனத்தில் அடகு வைத்து எழுநூறு ரூபாய் வாங்கி வந்திருந்தாள். பணம் அவளுடையது, கேட்கிற வாய் மட்டும் கடன் வேண்டும். அவர்கள் வீட்டைத் தவிர ஊரில் நைனார் வீடு பதினாலு. முதலில் பெரிய வீட்டு விமலநாதனிடம் போனாள். புருஷனுக்கு மாமன் முறை.

விமலநாதன் காதைப் பொத்திக்கொண்டார். "ரிஷபன் வூட்டு சாமான நான் ஏலம் கேக்கறதா? நம்ம ஊர்ல அந்தப் பழக்கமே கெடையாதும்மா. ஒருத்தன் ஜப்திப் பொருள இன்னொருத்தன் கேட்டான்னு இதுவரைக்கும் பேச்சு வந்ததில்ல."

"எங்களுக்குத்தான் மாமா. கேட்டு எங்ககிட்டயே குடுத்துடுங்க. பணம் நான் தர்றேன்."

"அது எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? நாளைக்கு ஒன் புருஷனே, இன்னா மாமா, என் இன்ஜின் மேல எத்தினி நாளா கண்ணுன்னு கேட்டா நான் மூஞ்ச எங்க வெச்சிக்கறது? ஒங்க மேல எனக்கு மரியாத இருக்குதும்மா. அதான் கேக்க மாட்டேன்."

இரண்டாம் வீட்டிலும் மரியாதை இருந்தது. மூன்றாம் வீட்டில் மரியாதையோடு மோரும் கொடுத்தார்கள். மூன்று நாளில் பதினாலு வீட்டு மரியாதையையும் வாங்கிக்கொண்டு அவள் திரும்பினாள். பூமாலையைக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஏலம் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

முப்பதாம் தேதி ரிஷபநாதன் அந்த எழுநூறு ரூபாயைக் கேட்டார்.

"விழுப்புரத்துல பத்மகுமார் வக்கீலு இருக்காரு. நம்ம ஆளு. நாளைக்குக் கோர்ட்டு தொறந்த ஒடனே ஸ்டே வாங்கிடலாம்."

"அந்தப் பணம் ஏலத்துக்குன்னு வெச்சிருக்கங்க."

"ஏலம் நடந்தாத்தானே ஏலத்துக்குப் பணம்? ஸ்டே வந்தா ஏலமே கெடையாது. ஜல்தியா எடு. மொத பஸ்ஸுக்குப் போவணும். பதினோரு மணிக்குள்ள கைல ஸ்டேயோட வந்து எறங்கறேன், பாரு. தாசில்தாரு ஜீப்ப அவரே தள்ளிக்கினு போவணும்."

கேட்கிற வாய் கிடைக்காத பணம். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஸ்டே வரவில்லை. ஜீப்பு வந்தது. பேட்டரி மாற்றியிருந்தார்கள். விருத்தாசலத்தோடு துரைக்கண்ணு இறங்கினார். கூட்டேரிப்பட்டில் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். முக்கால் கை சட்டை, வாயில் வெற்றிலை. ஊர் முழுக்கக் கிணற்று மேட்டைச் சுற்றி நின்றது. நைனார் வீட்டு ஆண்கள் முன் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தரையைப் பார்த்து நின்றார்கள்.

"ஆயில் இன்ஜின் ஒண்ணு. சர்க்கார் ஆரம்ப விலை ஆயிரம். யார் கேக்கறீங்க?"

காக்கை கத்தியது.

"எண்ணூறு. ஐந்நூறு. ஏங்க, உங்க ஊர் இன்ஜின், நீங்களே கேட்டா என்ன?"

விமலநாதன் தலையை இன்னும் தாழ்த்தினார். ஊர் மானம் காப்பாற்றப்பட்டது.

"ஓடுதான்னு பாக்கணும் சார்," என்றார் துரைக்கண்ணு. "ஓடினா ஒரு வெல. ஓடாட்டி எட போட்டுத்தான்."

விருத்தாசலம் முகம் சிதைந்த முத்திரையைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உடைத்தார். மாசிலாமணி மூச்சு விட்டான். பூமாலையைக் கூப்பிட்டுச் சுற்றச் சொன்னார்கள். ஒரு படி டீசல் ஜீப்பிலிருந்து வந்தது.

அந்த மாதிரி இன்ஜினில் மேலே ஒரு சின்னப் பிடி இருக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால் காற்று வெளியே போய்விடும். கைப்பிடி லேசாகச் சுற்றும். சுற்று வேகம் எடுத்ததும் பிடியை விட்டுவிட வேண்டும். விட்டால்தான் உள்ளே அழுந்தி வெடிக்கும், இன்ஜின் ஓடும். பூமாலை குனிந்து, வலது கையால் சுற்றினான். சுற்றினான், சுற்றினான், நெற்றி வேர்வை மூக்கு வழியாகச் சொட்டச் சொட்டச் சுற்றினான். இன்ஜின் புஸ் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது, வெடிக்கவில்லை.

ஞானமதி நின்ற பக்கத்திலிருந்து அவனுடைய இடது கை தெரிந்தது. கட்டை விரல் பிடியைத் தூக்கினபடியே இருந்தது.

பதினாலு வீடு ஏறி இறங்கினேனே, இவன் அல்லவா நமக்காக நிற்கிறான் என்று நினைத்தாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"நெஞ்சு அடச்சிட்டுது சார்," என்று பூமாலை நிமிர்ந்தான். "ஒரு வாரம் சும்மா கெடந்துதா, உள்ள ஏதோ புடிச்சிக்கிச்சி."

துரைக்கண்ணு இரும்பை விரலால் தட்டிப் பார்த்தார். "வெறும் எட. நூத்தம்பது."

"நூத்தம்பது ஒருதரம்..."

"நூத்தி அறுவது," என்றான் பூமாலை.

முன்வரிசைத் தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றினார். "யார்ரா அது? நீயா? ஓடாத இன்ஜின் உனக்கு எதுக்குடா? கெணறு வெச்சிருக்கியா?"

"கெணறு இருக்கறவங்கதான் கேக்கணும்னு தண்டோராவுல போடலீங்களே சார். நானும் காது குடுத்துக் கேட்டன்."

கூட்டத்தில் எங்கோ ஒருத்தன் களுக்கென்றான். துரைக்கண்ணு இருநூறு என்றார். பூமாலை இருநூற்றுப் பத்து. துரைக்கண்ணு இருநூற்றைம்பதுக்குப் போய், இன்ஜினைப் பார்த்தார், ரோடு வரைக்கும் இருக்கிற வரப்பைப் பார்த்தார், தூக்குகூலி கணக்குப் போட்டார். பூமாலை இருநூற்று அறுபது. துரைக்கண்ணு வெற்றிலையைத் துப்பிவிட்டு ஜீப்புப் பக்கம் நடந்தார்.

ஜெயம் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். கன்றுக்குட்டி விற்ற பணம், சீட்டுப் பணம், கரும்பு வெட்டப் போன பணம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மடிந்திருந்தது. விருத்தாசலம் தாமே எண்ணி வாங்கி, பூமாலை, தகப்பன் பேர் சின்னக்கண்ணு என்று ரசீது எழுதிக் கொடுத்தார். ஏழாயிரத்துச் சொச்சத்தில் இருநூற்று அறுபது வசூல். பத்து நாளில் மூன்று தடவை வந்துபோன ஜீப்புக்கு டீசல் அதைவிட அதிகம். ஆனாலும் மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஓலைப்பாக்கத்தில் வசூல் ஆயிற்று என்று எழுத ஒரு வரி கிடைத்த திருப்தியோடு அவர் ஏறினார்.

கூட்டம் கலைந்ததும் ஞானமதி கிணற்று மேட்டுக்கு ஓடினாள்.

"பூமாலை, நீ நல்லா இருக்கணும். பாத்துக்கினுதான் இருந்தேன், அந்தப் பிடிய. சரி, ஜல்தியா போடு. பொழுது போறதுக்குள்ள கால் ஏக்கராவது நனையட்டும்."

பூமாலை ரசீதை நாலாக மடித்துக்கொண்டிருந்தான். "போட்டுடலாம்மா. மணிக்கு நாலு ரூபா. எண்ண ஒங்களுது."

"இன்னா பூமாலை, வெளையாடறியா?"

"இதுல இன்னாம்மா வெளையாட்டு? ரசீது இருக்குது, பாருங்க. கெவர்மெண்டு கையெழுத்து."

"எங்க இன்ஜின்யா இது!"

"காத்தால வரைக்கும் ஒங்களுதுதான்."

"அப்ப நீ அந்தப் பிடியத் தூக்கிக்கினு சுத்தனது..."

"எனக்காகத்தான்மா." அவன் குரலில் மரியாதை ஒரு பொட்டும் குறையவில்லை. "நீங்க பாத்துட்டும் பேசாம நின்னீங்க. அதுக்குத்தான் நாலு ரூபா. மத்தவங்களுக்கு அஞ்சு."

ஜெயம் அவளை நேரே பார்க்காமல் மடையில் கிடந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி ஜெயம், நீயாச்சும் சொல்லுடி."

"நான் இன்னாம்மா சொல்றது? ரெண்டு போகத்துக் கூலி நிக்குது. அதும் கேட்டா மல்லாட்டை வரட்டும்னாரு நைனாரு. போன மல்லாட்டைக்கும் அதத்தான் சொன்னாரு. நீங்க பாக்கி வெச்சா கெவர்மெண்டுக்கு ஜீப்பு இருக்குது, அரக்கு இருக்குது. எங்களுக்கு இன்னா இருக்குது? போனது போவட்டும், இனிமேலாச்சும் கைல காசு பாக்கலாம்னு கன்னுக்குட்டிய வித்தோம். எனக்கு அது மேல உசுரு."

ஞானமதி வரப்பில் உட்கார்ந்தாள், எழுந்தாள், செடியைத் தொட்டுப் பார்த்தாள். கையோடு வந்த இலை அப்பளம்போல் நொறுங்கியது.

ரிஷபநாதன் மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஸ்டேக்கு முன்னால் நோட்டீசு கொடுக்க வேண்டுமாம். நோட்டீசு டைப் அடித்துக் கொண்டு வந்திருந்தார். பதினொரு பக்கம், பச்சை ரிப்பனில் கட்டியது. எழுநூறும் அதில் போயிற்று. விஷயத்தைக் கேட்டதும் ரிப்பன் கட்டோடு நேரே கொல்லைக்கு வந்தார்.

"என் கெணத்துத் தண்ணிக்கு நான் வாடக குடுக்கறதா? கேட்டுக்கினியா ஞானம், காலம் எப்டிப் போவுது!"

"தண்ணி ஒங்களுதுதாங்க," என்றான் பூமாலை. "மேல ஏத்தறதுதான் என்னுது."

"கோர்ட்டுக்குப் போவேன்."

"போங்க. ரசீத நானும் எடுத்துக்கினு வர்றேன். நான் விழுப்புரம் பாத்ததில்ல."

"மல்லாட்டை வரட்டும், மொத்தமா குடுத்துடறேன்."

பூமாலை இன்ஜினிலிருந்து கைப்பிடியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு காலனியைப் பார்த்து நடந்தான். ஜெயம் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஞானமதி சாப்பாடு போட்டாள், அவளுக்கு இறங்கவில்லை. ரிஷபநாதன் சாப்பிட்டுவிட்டுப் புது மனு ஒன்று ஆரம்பித்தார். பூமாலைக்கு எதிராக யாருக்கு மனு போடுவது என்று தெரியாமல் பெறுநர் என்று எழுதினதோடு நின்றுவிட்டார்.

ஏப்ரல் முதல் தேதி காலை எட்டு மணிக்கு விமலநாதன் கொல்லைப் பக்கம் வந்தார். இன்ஜின் டப்டப்பென்று ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போய்க் காய்ந்த முக்கால் ஏக்கரில் பாய்ந்தது. ஞானமதி குனிந்து மடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ரிஷபநாதன் துவைத்த துண்டோடு வரப்பில் நின்றிருந்தார்.

"ஸ்டே கெடச்சிட்டுதாப்பா?" என்றார் விமலநாதன்.

"ஸ்டேயெல்லாம் எதுக்கு மாமா? சொந்தமா இன்ஜின் வெச்சிக்கினு ரிப்பேர் பாக்கறது பெரிய பேஜாரு. அதான் வாடகைக்கு அமத்திட்டேன். மூணு மணி நேரத்துக்கு ரொக்கம் குடுத்திருக்கேன். நமக்குப் பாக்கி வெக்கற பழக்கம் கெடையாது."

அந்தப் பன்னிரண்டு ரூபாயை ஞானமதி விடியற்காலையில் ஜெயத்திடம் கைமாற்றாக வாங்கியிருந்தாள்.